பதினெட்டாம் போரைப் பத்து மணிக்கு முடித்துவிடாதீர்கள்

எங்கள் ஊர் பாரத விழாக் குழுப் பெரியவர்களுக்கு,

வணக்கம். உங்களில் பாதிப் பேர் எனக்கு மாமா முறை, மீதிப் பேர் பெரியப்பா, சித்தப்பா முறை. கீழ்த்தெரு தபால்காரர் மகள் என்றால் எல்லாருக்கும் தெரியும். வேலூரில் நர்சிங் முடித்துவிட்டு ஆறு வருடமாக ஜெர்மனியில், மியூனிக் நகரத்தில் வேலை பார்க்கிறேன்.

போன வாரம் அண்ணன் நம் விழா நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். கொடியேற்றம், காப்புக் கட்டு, பகலில் பாரதப் பிரசங்கம், தீமிதி எல்லாம் வழக்கம்போல இருந்தன. விடிய விடிய ஆடுகிற தெருக்கூத்துக்கு நேராக மட்டும், துரியோதனன் சாகிற பதினெட்டாம் போருக்கும் சேர்த்து, "இரவு 7 மணி முதல் 10 மணி வரை" என்று அச்சடித்திருந்தது. நடுவில் இரண்டு இரவு கூத்தே கிடையாது, இன்னிசைக் கச்சேரியாம். அன்றைக்கு எனக்கு நைட் டூட்டி. வார்டில் எல்லாரும் தூங்கிய பிறகு அந்த நோட்டீஸை நாலைந்து முறை எடுத்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் தூக்கம் வரவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என்னோடு வேலை செய்கிற பெண்கள் கேட்பார்கள், உங்கள் ஊரில் ராத்திரியானால் எங்கே போவீர்கள் என்று. இவர்களுக்கு ராத்திரி என்றால் நடனக்கூடம், மதுக்கடை. எனக்குச் சொல்ல இரண்டு ராத்திரிகள் இருக்கின்றன. ஒன்று காட்பாடி ஸ்டேஷன். அப்பாவோடு விடிகாலை வண்டிக்குக் காத்திருக்கும்போது வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் பெட்டி படுக்கையோடு இறங்குவார்கள். ஆட்டோக்காரர் தெரிந்த நாலு வார்த்தை இந்தியில் பேசி ஏற்றிக்கொண்டு போவார். அது தூங்காத இடம். ஆனால் நான் முதலில் சொல்வது நம் கூத்தைத்தான். அதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது.

எட்டு மணிக்கே ஆயா (பாட்டி) பாயைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிடும். முன்னால் ஓடி இடம் பிடிக்கிற வேலை எனக்கு. அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை) ஒரு துணிமூட்டையில். வேடம் கட்டுகிற கொட்டகையில் ஓலைக்கு நடுவே ஒரு சந்து இருக்கும், அதில் கண்ணை வைத்துப் பார்ப்போம். ஒருத்தர் சின்னக் கண்ணாடியை இடது கையில் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கிப் புருவம் எழுதுவார். பக்கத்தில் மரக்கட்டை ஆபரணங்கள் வரிசையாக இருக்கும், கிரீடம், மார்புப் பதக்கம், புஜக்கட்டை எல்லாம். மாலையில் டீக்கடையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த அந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகத் துரியோதனன் ஆகிக்கொண்டிருப்பார்.

அப்புறம் திரை. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும், நடுவில் குரல் மட்டும். கூத்தின் கோமாளி கட்டியக்காரன் யார், எவர் என்று கேட்கக் கேட்க, உள்ளே இருந்து பாட்டு வரும். அந்தத் திரை விலக நேரமாகும். அந்த நேரம்தான் கூத்து என்று இப்போது நினைக்கிறேன். மூன்று மணி நேரத்தில் முடிக்கச் சொன்னால் கூத்து வாத்தியார் முதலில் எதை வெட்டுவார்? இதைத்தான் வெட்டுவார். வேறு வழியில்லை அவருக்கு.

பாஞ்சாலி துகிலுரிகிற துகில் கூத்தன்று துச்சாதனன் வேடக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றித் திரௌபதி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். பாஞ்சாலி வேடத்தில் இருப்பதும் ஆண்தான், எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் அந்த நேரத்தில் ஆயா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், வளையல் தோலில் பதிகிற அளவுக்கு.

ஆயாவைப் பற்றிச் சொல்லும்போதுதான் நான் உங்களிடம் சொல்ல வந்ததே வருகிறது. ஆயா வருடம் முழுக்க எட்டரைக்குக் கதவைச் சாத்துகிற ஆள். அம்மாவும் அப்படித்தான், அத்தைகளும் அப்படித்தான். இருட்டின பிறகு பொம்பளைக்கு வெளியே என்ன வேலை என்று கேட்கிற ஊர் நம்முடையது. அந்த ஊரில் பாரதம் நடக்கிற இரவுகளில் மட்டும் பெண்கள் விடிய விடிய வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தார்கள். படுத்தார்கள், எழுந்தார்கள், சத்தமாகச் சிரித்தார்கள், கட்டியக்காரனுக்குப் பதில் சொன்னார்கள். இரண்டு மணிக்கு டீ குடித்தார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, ஏனென்றால் அம்மன் விழித்திருக்கிற இரவு அது. பத்து மணிக்குக் கூத்து முடிந்துவிட்டால் ஆம்பிளைகள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் இன்னும் ரெண்டு மணி நேரம் பேசிவிட்டு வருவீர்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் எங்கே போவார்கள்? ஊரில் அவர்களுக்கு இருந்த ராத்திரி அது ஒன்றுதான்.

இங்கே நான் பன்னிரண்டு மணிக்குத் தனியாக ரயிலில் வீட்டுக்கு வருகிறேன், பயமில்லை. அதற்காக இந்த ஊருக்கு நன்றியுள்ளவளாக இருக்கிறேன். ஆனால் உட்கார இடமில்லை. கடைகள் எட்டு மணிக்கு மூடிவிடும், ஞாயிற்றுக்கிழமை திறப்பதே இல்லை. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அமைதி நேரம். வந்த புதிதில் பத்தரை மணிக்குக் குக்கர் வைத்தேன். மூன்றாவது விசிலுக்குக் கீழ்வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினார். திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அன்றைக்கு விளக்கை அணைத்துவிட்டு மிருதங்கச் சத்தத்தை நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதே ஊரில் நடந்த ஒன்றை நீங்கள் கேட்க வேண்டும். இங்கே பீர் தோட்டம் என்று உண்டு. மரத்தடியில் நீள நீளமான பெஞ்சு போட்டிருப்பார்கள், குழந்தை குட்டிகளோடு வருவார்கள், வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்து சாப்பிடலாம். 1995-ல் அப்படி ஒரு தோட்டத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டு, இரவு ஒன்பதரைக்கே மூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த மே மாதம் 20,000 பேருக்கு மேல் மியூனிக் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். பிறகு 1999-ல் மாநில அரசு விதி எழுதியது: பத்து மணிக்கு இசை நிற்க வேண்டும், பத்தரைக்குப் பரிமாறுவது நிற்க வேண்டும், பதினொன்றுக்கு மூட வேண்டும். அக்கம்பக்கத்தார் தூக்கமும் பார்க்கப்பட்டது, இவர்கள் இரவும் தப்பியது. இவ்வளவு அமைதியை விரும்புகிற ஜனமே தன் ராத்திரிக்காக அப்படிப் போராடியிருக்கிறது. நாம் ஒரு நோட்டீஸில் நம்முடையதைக் கொடுத்துவிடலாமா, மாமா?

அண்ணனிடம் நீங்கள் சொன்ன காரணங்களைக் கேட்டேன். போலீஸ் அனுமதி, பிள்ளைகள் படிப்பு, கூட்டம் குறைவு, செலவு.

அனுமதி விஷயம் நியாயமானது, மறுக்கவில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பின்னால் செய்த திருத்தத்தில் வாத்தியங்களையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அதே விதியில் திருவிழாக்களுக்காக மாநில அரசு இரவு 12 வரை தளர்த்தலாம் என்றும் இருக்கிறது, வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் போகாமல். நாம் கேட்டோமா? பன்னிரண்டுக்கு மேல் என்ன செய்வது என்று அதிகாரிகளிடம் போய்ப் பேசினோமா? கோயில் மேல் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கரை நானே வேண்டாம் என்பேன். கைக்குழந்தைக்கும் படுத்த படுக்கையாக இருக்கிறவருக்கும் அது என்ன செய்யும் என்று தினம் பார்க்கிறவள் நான். கூத்துக்காரர்களுக்கு அது தேவையும் இல்லை. மைக் வருவதற்கு முன்பே வயல்வெளி தாண்டிக் கேட்கப் பாடிய பரம்பரை அவர்கள். கூம்பு இல்லை, இத்தனை இரவு மட்டும், மூன்று தெருக்காரர்களும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்று ஒரு மனு எழுதிக் கலெக்டர் ஆபீசுக்கும் ஸ்டேஷனுக்கும் கொண்டுபோங்கள். கையெழுத்து வாங்கப் பெண்களை அனுப்புங்கள், ஒரே நாளில் முடிப்பார்கள்.

கூட்டம் குறைவதற்குக் காரணம் கூத்து இல்லை. மேல்தெருவிலிருந்து வருகிற பாதையில் விளக்கில்லை. பெண்கள் ஒதுங்க இடமில்லை. போன முறை நான் வந்திருந்தபோது ஒரு மணிக்கு எழுந்துபோன பெண்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் போனார்கள், திரும்பி வரவில்லை. நாலு குழல்விளக்கும் தற்காலிகக் கழிப்பறை இரண்டும் போடுங்கள். பிள்ளைகள் படிப்புக்கு எல்லா இரவும் விழிக்க வேண்டாம். துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர், இந்த நாலையாவது முழு இரவாக விடுங்கள்.

அதிலும் பதினெட்டாம் போர். அது காலையில், மண்ணால் செய்த துரியோதனன் படுத்திருக்கிற படுகளத்தில் போய்ச் சேருகிற கூத்து. இரவெல்லாம் ஆடிய பீமனும் துரியோதனனும் அரிதாரம் கலைக்காமல், கண் சிவந்து, குரல் கம்மி, அந்த மண் துரியோதனனைச் சுற்றி ஓடுவதை நீங்கள் எத்தனை வருடம் பார்த்திருக்கிறீர்கள். பீமன் தொடையில் அடிக்கிறான், புதைத்து வைத்த செந்நீர் கொட்டுகிறது, அதைத் தொட்டு அம்மன் கூந்தலை முடிக்கிறார்கள். இரவு பத்துக்கு வேடத்தைக் கலைத்துவிட்டுத் தூங்கி எழுந்து, காலையில் மறுபடி மை பூசிக்கொண்டு வரச் சொல்வீர்களா? அந்தக் களைப்பு இல்லாமல் அது என்ன படுகளம்?

செலவைப் பற்றி ஒரே ஒரு விஷயம். மூன்று மணி நேரம்தானே என்று ஜமாவுக்கு (கூத்துக் குழுவுக்கு) கூலியைக் குறைத்துப் பேசியிருப்பதாக அண்ணன் சொன்னான். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பதினெட்டாம் போர் இரவுக்கு ஜமாவின் முழுக் கூலியையும் நான் தருகிறேன், வாத்தியார் கேட்கிற தொகை. கழிப்பறை வாடகையும் என்னுடையது. பணத்தை அண்ணன் கணக்கில் போட்டுவிட்டேன், உங்கள் பதில் கிடைத்த அன்றே கொண்டுவந்து கட்டுவான். நோட்டீஸில் என் பெயர் வேண்டாம், ஆயா பெயரைப் போடுங்கள்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். படுகளத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்துவிடுவேன். பாயை வெயிலில் போட்டு எடுத்து வைக்கும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்த்தெரு தபால்காரர் மகள்
மியூனிக்