நடு மடிப்பில் விழுந்த கதவு

ஒளிப்படக் கலைத் தொகுப்பு நூல்களை உருவாக்கும் பதிப்பாசிரியர்களுக்கும் நூல் வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற ஆண்டு என் படம் ஒன்று முதன்முறையாக நூலில் வந்தது. பார்சலைப் பிரித்தபோது கை நடுங்கியது. என் பெயர் அச்சாகியிருந்த பக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். அந்த மகிழ்ச்சியும் நன்றியும் இன்றும் குறையவில்லை. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

படம் இதுதான்: முதுகைக் காட்டி அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டி. அவர் முதுகின் நடுவே ஒரு மரக்கதவு, ஒருக்களித்துத் திறந்திருக்கிறது. இடுக்கு வழியே விடியற்காலைக் கடலின் நீலம் ஒரு கீற்றாகத் தெரிகிறது. 11 ஒளிப்படங்களை இணைத்துச் செய்தது. கதவின் நிழல் ஆடையின் சுருக்கங்கள்மீது நேர்க்கோடாக விழாது. ஒவ்வொரு சுருக்கத்திலும் உடைந்து உடைந்து இறங்க வேண்டும். அதற்கு மட்டும் நான்கு இரவுகள் ஆயின. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தால் நாதாங்கியின் சிறு நிழல்கூட வலப்பக்கம்தான் சாய வேண்டும். நடக்கவே முடியாத காட்சியைப் பார்ப்பவர் ஒரு கணமாவது நம்ப வேண்டும் அல்லவா? எங்காவது ஒட்டுத் தெரிந்தால் எல்லாம் போயிற்று.

நூலில் அதை இரு பக்கங்களுக்கு விரித்துப் போட்டிருந்தார்கள். பெரிதாகக் காட்ட வேண்டும் என்ற நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் கதவிடுக்கு சரியாக நடு மடிப்பில் விழுந்துவிட்டது. பசை போட்டுக் கட்டிய தடித்த நூல் அது. எவ்வளவு அழுத்தி விரித்தாலும் கீற்று கண்ணில் படவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் மூடிய கதவு என்றே நினைத்தார்கள்.

மடிப்பின் ஓரத்தில் எஞ்சியிருந்த நீலமும் சாம்பல் பூத்திருந்தது. திரை தானே ஒளிர்வது. தாளோ தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவது. திரையில் பளிச்சென்று நிற்கும் சில நீலங்களைச் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் எட்ட முடியாது. அவை மங்கும், சில சமயம் ஊதாவாகத் திரும்பும். இது அச்சகத்தின் குற்றமன்று. ஆனால் மாதிரி அச்சு ஒன்றை முன்பே காட்டியிருந்தால், அந்த நீலத்தை மைக்கு அகப்படும் இடத்துக்கு நானே நகர்த்தியிருப்பேன். சுற்றியுள்ள பழுப்பை இன்னும் இருட்டாக்கிக் கீற்றை ஒளிர வைத்திருப்பேன். ஒரு மாலை நேர வேலை, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட வலித்தது படக்குறிப்பு: ‘கணினி உருவாக்கிய படம்’. சில சொற்களைத் தட்டி இயந்திரத்திடம் வாங்கிய படம் என்றே இன்றைய வாசகர் இதைப் பொருள்கொள்வார். படங்களை இணைத்துப் படம் செய்வது கணினியோடு வந்த பழக்கமா என்ன? 1857-இல் ஆஸ்கார் ரெய்லாண்டர் என்ற ஒளிப்படக் கலைஞர் 30-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே காட்சியாக்கினார். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஜெர்ரி உல்ஸ்மன் இருட்டறையில், நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழச் செய்யும் என்லார்ஜர் கருவிகள் பலவற்றை வரிசையாக நிறுத்தி, ஒரே தாளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்த்தி, மிதக்கும் மரங்களையும் வேர்விட்ட வீட்டையும் படைத்தார். 1967-இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சியே வைத்தது. கணினியில் படங்களை இணைக்கும் போட்டோஷாப் மென்பொருள் வந்ததோ 1990-இல்தான். உல்ஸ்மனின் படங்களை ‘என்லார்ஜர் உருவாக்கியவை’ என்று எவரும் சொல்வதில்லை. என் படத்திலுள்ள கதவும் கடலும் மூதாட்டியும் என் கேமராவுக்கு முன் இருந்தவர்கள், இருந்தவை. அவற்றைச் சேர்த்தது என் கை.

ஆகவே நான் கேட்பது இதுதான். படத்தை வாங்கும்போதே அது ஒரு பக்கமா, இரு பக்கமா என்று சொல்லுங்கள். அச்சேறும் முன் தாளில் ஒரு மாதிரி காட்டுங்கள். குறிப்பைக் கலைஞரிடமே கேட்டு எழுதுங்கள்; ‘பல ஒளிப்படங்களை இணைத்தது’ என்ற ஒரு வரி போதும். இவற்றால் நூல் ஒரு வாரம் தாமதமாகலாம். காத்திருக்க எங்களுக்குச் சம்மதம்.

அடுத்த தொகுப்புக்கும் அழைப்பு வந்திருக்கிறது. அனுப்பத்தான் போகிறேன். இம்முறை படத்தோடு அதன் சிறு நகல் ஒன்றும் வரும்; மடிப்பு எங்கே விழக் கூடாது என்பதை அதில் சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பேன்.

அன்புடன்,
நூலில் இடம்பெற்ற ஒரு கலைஞர்