காது கேளாத குட்டியைத் திருப்பிக் கொடுக்க நினைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ போனில் பேசியதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. "கூப்பிட்டா திரும்பியே பார்க்க மாட்டேங்குது அக்கா, திமிருன்னு நினைச்சோம். டாக்டர் பார்த்துட்டு ரெண்டு காதும் கேட்கலைன்னு சொல்லிட்டார். செவிட்டு நாயை வச்சு என்ன செய்ய, வாங்கின இடத்துலயே திருப்பிக் கொடுத்துரலாம்னு இருக்கேன்" என்றாய். காலையில் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் சொன்னால் பாதி சொல்வேன், பாதி அழுவேன். அதனால் எழுதுகிறேன். ராஜபாளையம் குட்டி வாங்கி இதே நிலையில் நிற்கிற வேறு யாருக்காவது உதவட்டும் என்றுதான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

உனக்கு எங்கள் வீட்டு நாய் சங்குவை நினைவிருக்கும். முழுப்பரீட்சை லீவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தால் அவன் முதுகில் தலை வைத்துப் படுத்துத்தானே டிவி பார்ப்பாய். கையைக் காட்டினால் உட்காருவான், கையை மடக்கி நெஞ்சில் வைத்தால் ஓடி வருவான். பெரியப்பா, அதாவது என் அப்பா, அவனைப் போலீஸ் நாய் மாதிரி பழக்கியிருக்கிறார் என்று தெருப் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

தம்பி, சங்குவுக்கு இரண்டு காதும் கேட்காது.

நாங்கள் மறைக்கவில்லை. உனக்குச் சொல்ல வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. அந்த அளவுக்கு அது வீட்டில் சாதாரண விஷயமாகிப் போயிருந்தது.

அவன் வந்தது 2008இல். அப்பா அப்போது ராஜபாளையத்தில் மில் வேலை. அந்தப் பக்கம் ஒருவர் வீட்டில் ஆறு குட்டி. ஐந்து விலை போய்விட்டது. ஒன்றை மட்டும் இரண்டு பேர் வாங்கிப்போய் இரண்டு பேரும் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பால்பவுடர் மாதிரி வெள்ளை, மூக்கு ரோஜா நிறம், ஒரு குறை சொல்ல முடியாத குட்டி. அய்யனார் கோயில் மலையடிவாரத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தது அப்பா காதில் விழுந்திருக்கிறது. ஒரு ஒயர் கூடையைக் கேட்டு வாங்கி, அதில் குட்டியை வைத்து, டிவிஎஸ் 50 முன்னால் நிறுத்திக்கொண்டு வந்துவிட்டார். ஏன் திருப்பிக் கொடுத்தார்கள் என்று அவர்களும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. வெள்ளையாக இருக்கிறானே என்று சங்கு என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரை அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

அம்மாதான் கண்டுபிடித்தாள். அடுப்படி வாசலில் படுத்திருக்கிறான், தலைக்கு மேலே குக்கர் விசில் அடிக்கிறது, ஒரு மயிர் அசையவில்லை. அம்மா குனிந்து பார்த்தாள். மூச்சு இருக்கிறது. நாய் வீட்டுக்குள் வரக்கூடாது என்று ஒரு வாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவள், அன்றைக்குச் சாயங்காலம் அப்பா வந்ததும் சொன்னது இவ்வளவுதான்: "இதுக்குக் காது கேட்கலைங்க. வெளியில விட்டா லாரிகூடத் தெரியாது இதுக்கு. உள்ளேயே இருக்கட்டும்."

இது ஏன் இப்படி என்று நான் அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். நாய்க்குட்டி பிறக்கும்போது காது மூடியிருக்கும், இரண்டு வாரம் போல ஆன பிறகுதான் திறக்கும். உள்காதில் ஒலியை வாங்குகிற நுண்மயிர்ச் செல்கள் உயிரோடிருக்க, பக்கத்தில் நிறமிச் செல்கள் இருந்தாக வேண்டும். தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கிற அதே வகைச் செல்கள்தான். முழு வெள்ளை ஜாதிகளில் சில குட்டிகளுக்கு அவை உள்காதுக்குப் போய்ச் சேருவதில்லை. மூன்று நான்கு வாரத்துக்குள் நுண்மயிர்ச் செல்கள் செத்துவிடும். அதற்கு மருந்து கிடையாது. டால்மேஷன் நாய்களிலும் இதே கதைதான். அதனால் நீயும் உன் வீட்டுக்காரியும் டிவி சத்தமா, பக்கத்து பிளாட்டில் போட்ட டிரில்லிங்கா என்று மனசைப் போட்டு உழப்ப வேண்டாம். குட்டி உன் கைக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்தது.

எனக்கு ஆற்றாமையெல்லாம் வேறு இடத்தில். ராஜபாளையம் என்றால் பொட்டில்லாத வெள்ளை வேண்டும், மூக்கு ரோஜா நிறமாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். 2005இல் தபால்தலையில் ஏறிய ஜாதி. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பேர் சொன்ன ஜாதி. உடம்பில் கறுப்போ பழுப்போ விழுந்த குட்டியை ஜாதி கெட்டது என்று பிறந்தவுடன் ஒதுக்குகிற வழக்கம் இருந்திருக்கிறது. மயிரில் நிறம் இருந்தாலே காது கேட்கும் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் யோசித்துப் பார். நிறம் உள்ள குட்டியை நிறத்துக்காகத் தள்ளுகிறோம். நிறமே இல்லாததைத் தேடி வாங்குகிறோம். நிறம் இல்லாததால் காது போனால் அதையும் தள்ளுகிறோம். நீ திருப்பிக் கொடுக்கிற குட்டியை விற்றவர் என்ன செய்வார் என்று நினைக்கிறாய்? ஒன்று, சொல்லாமல் இன்னொருவர் தலையில் கட்டுவார். இல்லையென்றால் குட்டி போட வைத்துக்கொள்வார். அப்போது இந்தக் குறை இன்னும் பத்துக் குட்டிக்குப் போகும். மூன்றாவது வழி, மலையடிவாரம்.

சரி, வளர்ப்பது எப்படி என்று கேட்பாய். அதைத்தான் விவரமாகச் சொல்லப் போகிறேன்.

முதல் விஷயம் தூக்கம். சங்கு வந்த புதிதில் தூங்கிக்கொண்டிருந்தவனை அம்மா முதுகில் தொட்டாள். திடுக்கிட்டுத் திரும்பி மணிக்கட்டைக் கவ்விவிட்டான். பல் பதியவில்லை. ஆனால் அம்மாவைப் பார்த்ததும் அவன் உடம்பு நடுங்கி, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டதைப் பார்க்க வேண்டுமே. காது கேட்கிற நாய்க்கு நாம் வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும். இவனுக்கு உலகம் எப்போதும் திடீரென்றுதான் வரும். அப்பா அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்தார். தூங்குகிறவன் மூக்குக்கு முன்னால் கையைக் கொண்டுபோய் வைப்பார். மூக்கு ஆடும், கண் திறக்கும். திறந்ததும் தோளில் மெதுவாக ஒரு தொடல், வாயில் ஒரு துண்டு பொறை. இப்படி ஒரு மாதம். அப்புறம் அவனை யார் எழுப்பினாலும் வாலாட்டிக்கொண்டேதான் எழுந்தான்.

கூப்பிட, வெளிச்சம் இருக்கிறது. ராத்திரி தோட்டத்தில் நிற்பான். வாசல் விளக்கை இரண்டு தரம் போட்டு அணைத்தால் வந்துவிடுவான். உன் வீட்டில் பால்கனி விளக்கு போதும். காலால் தரையைத் தட்டலாம் என்று சொல்வார்கள். காங்கிரீட் தரையில் பக்கத்தில் இருந்தால்தான் தெரியும், மரக்கட்டிலில் நன்றாகத் தெரியும். கைச்சாடை ஐந்தாறு இருந்தால் போதும், ஆனால் வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி காட்ட வேண்டும். உட்கார், வா, நில், கூடாது, அப்புறம் கட்டை விரலைத் தூக்கி சபாஷ். அந்தச் சபாஷை மட்டும் மறந்துவிடாதே. நம் குரலில் இருக்கிற சந்தோஷம் அவனுக்குக் கிடைக்காது, முகத்தில்தான் காட்ட வேண்டும். அப்பா சிரிக்கிற ஆளே இல்லை, உனக்குத் தெரியும். நாய்க்காகச் சிரிக்கப் பழகினார்.

வெளியே போனால் கயிறு கையை விட்டுப் போகவே கூடாது. கழுத்தில் ஒரு சின்ன மணி கட்டு. அது அவனுக்கில்லை, அவன் எங்கே போகிறான் என்று உனக்குத் தெரிவதற்கு. மத்தியான வெயிலில் கூட்டிப் போகாதே, அந்த வெளிர் மூக்கும் வயிறும் வெந்துவிடும். வயது வந்ததும் கருத்தடை செய்துவிடு. ஒரு காது மட்டும் கேட்காத நாய்கூட இந்தக் குறையைக் குட்டிக்குக் கொடுக்கக்கூடும். அது வெளியில் தெரியவே தெரியாது, தலையில் மின்முனை வைத்துப் பார்க்கிற பேயர் டெஸ்டில்தான் தெரியும்.

இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று மலைக்காதே. இதற்குப் பதிலாக அவன் என்ன தருவான் என்று நான் பார்த்திருக்கிறேன். காது கேட்கிற நாய் நம் குரலை வைத்து நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும். காது கேட்காத நாய் பார்த்துக்கொண்டே இருக்கும். நடக்கப் போனால் நாலு எட்டுக்கு ஒரு தரம் திரும்பி அப்பா முகத்தைப் பார்ப்பான். அவர் தலையாட்டினால்தான் அடுத்த நாலு எட்டு. ஜப்பானில் அசாபு பல்கலைக்கழகத்தில் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள், 2015இல் வெளிவந்தது. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டால் இரண்டு பேர் உடம்பிலும் ஆக்சிடோசின் கூடுகிறதாம். தாய் பிள்ளையைப் பார்க்கும்போது சுரக்கிற அதே சுரப்பு. மனிதர் கையிலேயே வளர்ந்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லை. அதைப் படித்தபோது எனக்கு அந்த நாலு எட்டுதான் ஞாபகம் வந்தது.

காவலுக்கு ஆகாதே என்றாய். உண்மைதான், எங்கள் தெருவில் ராத்திரி முதலில் குரைக்கிறவன் சங்கு இல்லை. மற்ற நாய்கள் எழுந்து ஓடுவதைப் பார்த்துத்தான் எழுவான். காவல் நாய்க்கு நம் ஊரில் இருந்த மரியாதை சின்னதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது, 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். கல்லில் அவனோடு நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரை வெட்டி, கள்ளனைக் கடித்துக் காத்திருந்ததையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அதைவிட எனக்கு மனசில் நிற்பது வேறொரு நாய். ஜெர்மனியில் பான் நகரத்துப் பக்கம் ஓபர்காசெல் என்ற இடத்தில் 1914இல் கல் வெட்டும்போது ஒரு பழைய புதைகுழி கிடைத்தது. ஒரு ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டியின் எலும்புகள். கிட்டத்தட்ட 14,000 வருஷம் பழசு. அந்தக் குட்டி ஏழு மாதம் போல இருந்து செத்திருக்கிறது. அதன் பல் எனாமலில் உள்ள கோடுகளை ஆராய்ந்து 2018இல் சொன்னார்கள்: அதற்கு ஐந்தாம் மாதத்தில் டிஸ்டெம்பர் என்கிற கொடிய வைரஸ் நோய் வந்திருக்கிறது. நோய் முற்றி, தணிந்து, மறுபடி முற்றி என்று மூன்று தரம் வந்திருக்கிறது. யாரும் பார்த்துக்கொள்ளாவிட்டால் மூன்று வாரத்தில் செத்திருக்கும். கிட்டத்தட்ட இரண்டு மாதம் உயிரோடு இருந்திருக்கிறது. அப்படியென்றால் யாரோ தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள், வாந்தியைத் துடைத்திருக்கிறார்கள், குளிருக்கு அணைத்து வைத்திருக்கிறார்கள். அதுவும் வேட்டையாடிச் சாப்பிட்ட காலத்தில். அந்தக் குட்டி வேட்டைக்கும் வராது, காவலுக்கும் வராது. அதைத்தான் மனிதரோடு சேர்த்துப் புதைத்தார்கள்.

உன்னால் முடியவே முடியாது என்றால் அதையும் நேராகச் சொல். இரண்டு பேரும் காலை எட்டு மணிக்குப் போய் ராத்திரி எட்டுக்கு வருகிறீர்கள், மூன்றாவது மாடி, எனக்குப் புரிகிறது. அப்படியென்றால் எனக்குக் கொடு. நான் வளர்க்கிறேன், இல்லை தெரிந்த கையில் பார்த்துக் கொடுக்கிறேன். காது கேட்காது என்று முதலிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். தெருவில் மட்டும் விட்டுவிடாதே. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம். சட்டத்துக்காகச் சொல்லவில்லை. பின்னால் ஆரன் அடித்துக்கொண்டு வருகிற வண்டி அவனுக்குத் தெரியாதுடா.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. சங்கு எப்போதும் அப்பா காலின் மேல் தாடையை வைத்துத்தான் தூங்குவான். நாற்காலி என்றால் பாதத்தில், கட்டில் என்றால் கணுக்காலில். அவர் எழுந்து போனால் தனக்குத் தெரியாமல் போய்விடுமே என்றுதான். அப்பாவும் எழுவதற்கு முன்னால் பாதத்தை இரண்டு தரம் மெதுவாக அசைப்பார். அவன் கண் திறந்து பார்ப்பான், அப்புறம் எழுவார். பதினோரு வருஷம். 2019 கார்த்திகையில் அவன் போனான். அப்பா இன்றைக்கும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நாற்காலியிலிருந்து எழும்போது இடது பாதத்தை இரண்டு தரம் அசைத்துவிட்டுத்தான் எழுகிறார். தான் அப்படிச் செய்வது அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை.

உன் குட்டியைப் பற்றி ராத்திரியே அவரிடம் சொல்லிவிட்டேன். பரணில் ஏறி அந்தப் பழைய மணியைத் தேடி எடுத்து, புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை பொதிகை ரயிலில் ஏறுகிறேன், சனிக்கிழமை காலை உன் வீட்டில் இருப்பேன். உங்களுக்குப் பால்கோவா, அவனுக்கு மணி. அதுவரை தூங்கும்போது முதுகில் தொட வேண்டாம். கையை அவன் மூக்குக்கு முன்னால் வை. மோந்து பார்த்துக் கண் திறக்கும்வரை பொறுத்திரு.

அன்புடன்,
அக்கா