பினாங்குத் தீவுக்குப் போகும் பூமாலைகள்: நேரமும் கட்டணமும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இக்கரையில் பட்டர்வொர்த்துக்குள் பூமாலைகளை இலவசமாகக் கொண்டுவந்து தரும் நீங்கள் பினாங்குத் தீவுக்கு மட்டும் ஏன் கட்டணம் வாங்குகிறீர்கள், ஏழு மணி முகூர்த்தத்துக்கு ஏன் விடியுமுன்னே மாலை வந்து சேருகிறது என்று பலர் கேட்கிறீர்கள். காரணம் பாலம்தான்.

ஃபெரியில் வேனை ஏற்றிப் போன காலம் 2020 டிசம்பரோடு முடிந்தது. இப்போது வேனுக்குப் பாலத்தை விட்டால் வேறு வழியில்லை. தீவுக்குப் போகும்போதுதான் டோல், திரும்பும்போது கிடையாது. நாங்கள் கேட்பது அந்த டோலையும் எண்ணெய்ச் செலவையும் மட்டுமே.

1985இல் திறந்த பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். கப்பல்கள் கடந்துபோக நடுவில் 225 மீட்டருக்குத் தூணே கிடையாது. கோபுரங்களிலிருந்து சாய்வாக இறங்கும் கம்பிவடங்கள்தான் அங்கே சாலையைத் தாங்குகின்றன. நீர்மட்டத்துக்கு மேல் 33 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பதால் சாலையும் மேடேறி இறங்குகிறது. பாரம் ஏற்றிய லோரிகள் அந்த ஏற்றத்தில் மெதுவாகும். வேலைக்குப் போகிறவர்களின் கார்கள் சேரும் காலை நேரத்தில் ஒரு வண்டி பழுதாகி நின்றால் போதும், நடுக்கடலில் வேனைத் திருப்பிக்கொண்டு வர முடியாது.

நெரிசலில் நிற்கும் வேனுக்குள் ஏறும் வெக்கையை மல்லிகை தாங்காது. நெருக்கிக் கட்டிய சரத்தில் உள்பக்கம்தான் முதலில் பழுக்கும். மேலே பார்த்தால் வெள்ளையாகவே இருக்கும்; மணமக்கள் தோளில் விழுந்து, மாலை கொஞ்சம் நெகிழ்ந்த பிறகுதான் பழுப்பு தெரியும். கல்யாண வீட்டில் அப்படி ஒரு மாலை எங்கள் கையிலிருந்து போகக் கூடாது. அதனால்தான் ஈரத்துணி விரித்து, வாழையிலையில் சுற்றி, இருட்டிலேயே கிளம்புகிறோம்.

2014இல் திறந்த இரண்டாவது பாலத்தில் போகலாமே என்பார்கள். தீவின் தெற்கே பாயான் லெப்பாஸ், பத்து மாவுங் பக்கத்து ஆர்டர்களுக்கு அது சரி. ஜார்ஜ் டவுனுக்கு அது பெரிய சுற்று, 24 கிலோமீட்டர் பாலத்தை ஏறி இறங்கிய பிறகும் வடக்கே வர வேண்டும்.

உதிரிப்பூ, தலைக்குச் சரம் போன்ற சிறு ஆர்டர்களை மோட்டார் சைக்கிளில் அனுப்புகிறோம். 2019 முதல் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை, எனவே அவற்றுக்குக் கட்டணமும் இல்லை.

அப்புறம் தைப்பூசம். தீவிலுள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வேண்டிய மாலைகள் முதல் நாள் இரவே பாலத்தைக் கடந்துவிடும். நேர்த்திக்கடன் மாலையின் அளவையும் பூவையும் ஒரு வாரம் முன்பே புலனத்தில் (வாட்ஸ்அப்) சொல்லிவிடுங்கள். மற்ற நாள்களில் முதல் நாள் சாயங்காலத்துக்குள் சொன்னால் போதும்.

அன்புடன்,
உங்கள் பூக்கடையினர்
பட்டர்வொர்த்