ஆண்டறிக்கை: தொட்டி மண்ணில் கண்ட கரப்பான்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் வீட்டுத்தோட்டச் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஆடிப்பட்டத்துக்கு விதைப் பரிமாற்றமும் நல்லபடியாக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது மண் கரப்பானைப் பற்றி.

ஆனி மாதம் ஒருவர் வீட்டு மாடியில் செம்பருத்தித் தொட்டியைக் கவிழ்த்தபோது, வேரடியில் இருந்த ஏழெட்டுக் கரப்பான்கள் சடசடவென்று மண்ணுக்குள் புதைந்தன. சமையலறைக்கு வந்துவிடுமோ என்று பயந்து சிலர் அன்றே மருந்து ஊற்றினார்கள். எனக்கு அது வருத்தம்தான். பிடித்துப் பார்த்தோம். முக்கால் அங்குல நீளம், பளபளக்கும் பழுப்பு இறக்கை, தலையை மூடிய கறுப்புக் கவசத்தின் முன் விளிம்பில் வெளிறிய கோடு. குஞ்சுகளுக்கு முன்பகுதி மினுமினுக்கிறது, பின்பகுதி கரி பூசியதுபோல் மங்கிக் கிடக்கிறது.

இது பிளாபெரிடே என்ற கரப்பான் குடும்பத்தில் பிக்னோசெலஸ் என்னும் பேரினம். தென்னமெரிக்காவின் சுரினாம் பெயரைச் சேர்த்து 1758இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இதில் ஓர் இனத்தைச் ‘சுரினாமென்சிஸ்’ என்றார். பூர்வீகமோ நம் பக்கம், இந்தியாவும் தென்கிழக்காசியாவும் சேர்ந்த பகுதி. செடியோடும் மண்ணோடும் பயணப்பட்டு வெப்ப நாடுகளெங்கும் பரவிவிட்டது. குளிர் நாடுகளில் கண்ணாடிக் குடில்களுக்குள் பிழைக்கிறது.

இதற்கு ‘இண்டிகஸ்’ என்று ஒரு நெருங்கிய உறவு உண்டு. பெண்களை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிப்பது சிரமம். இண்டிகஸில் ஆணும் பெண்ணும் இணைசேர்கின்றன. சுரினாமென்சிஸில் ஏறக்குறைய எல்லாமே பெண், இணையில்லாமலே குஞ்சு ஈனும். இந்த வேறுபாட்டை 1960களில் ஆராய்ந்து காட்டியவர் அமெரிக்கப் பூச்சியியலாளர் லூயிஸ் ராத்.

சரி, நம்முடையது எது? ஓய்வுபெற்ற டீச்சர் அக்கா ஒரே ஒரு குஞ்சை மண் போட்ட ஊறுகாய் பாட்டிலில் தனியாக வளர்த்தார். வழவழப்பான கண்ணாடியில் அதற்கு ஏற வராது. மாசிக் கூட்டத்துக்கு அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்தார். காய்ந்த இலையைத் தூக்கினால், அடியில் அரிசி அளவுகூட இல்லாத வெளிறிய குஞ்சுகள்! தனியாக வளர்ந்ததே ஈன்றிருப்பதால் நம்முடையது சுரினாமென்சிஸ்தான். அன்று யாருக்கும் வீட்டுக்குக் கிளம்ப மனமில்லை.

மட்கிய இலைதான் இதன் சாப்பாடு. ரொம்பப் பெருகினால் இளவேரையும் கடிக்கும். கோழிகளின் கண்புழு இதன் வழியாகத்தான் பரவுகிறது, அதனால் கோழி வளர்ப்பவர்கள் கவனமாக இருங்கள். அப்புறம், செடி மாற்றிக்கொள்ளும்போது வேர்மண்ணை உதறிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். மருந்து வேண்டாம்.

ஊர்ப்பக்கம் தோப்பு, வயல் உள்ளவர்கள் எருக்குழியைக் கிளறும்போது ஆண் கரப்பான் கிடைத்தால் சித்திரைக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் அது இண்டிகஸாக இருக்கும். பக்கத்தில் வைத்துப் பார்க்க டீச்சர் அக்காவின் பாட்டில் இருக்கிறது.

செயலாளர்