கூச்சம் தெளியட்டும் என்று மேடையில் தள்ளிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ்த் தினப் போட்டிக் காலம் வந்தாலே எனக்கு ஒரு கவலை. வாய் திறக்காத பிள்ளையைப் பிடித்து மேடையில் ஏற்றினால் கூச்சம் தெளிந்துவிடும் என்று நம்பும் ஆட்கள் நம்மிடையே நிறைய. சில பிள்ளைகளுக்கு அது சரிவரலாம். என் தங்கையின் மகனுக்குச் சரிவரவில்லை.

தரம் 8 இல் அவனைப் பேச்சுப் போட்டிக்கு நிறுத்தினார்கள். பேச்சு முழுதும் மனப்பாடம். ஆனால் மேடையில் குரல் நடுங்கியது, முன்வரிசையில் சிரித்தார்கள், பாதியில் இறங்கி வந்துவிட்டான். அதோடு வகுப்பில் எழுந்து வாசிப்பதும் நின்றது. கலியாண வீட்டில் ரீ கொடுத்தால் வேண்டாம் என்பான். கை நடுங்குவதை ஆட்கள் பார்த்துவிடுவார்களாம். கல்முனை பஸ்ஸில் 'இறக்கம்' என்று சொல்ல வாய் வராமல் அடுத்த தரிப்பு வரைக்கும் போய், வெயிலில் நடந்து வருவான். ஏ.எல். பெறுபேறு நல்லது. இருந்தும் நேர்முகப் பரீட்சைக்குப் போனவன் வாசலோடு திரும்பிவிட்டான். ஊரில் அவனுக்குப் பெருமைக்காரன் என்ற பெயர் வேறு.

கிளினிக்கில்தான் இது சமூகப் பதகளிப்பு, அதாவது ஆட்கள் முன்னால் அளவுமீறி வரும் பயம், என்றார்கள். 1980 இலேயே அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயாகச் சேர்த்துவிட்டார்களாம். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். வெட்கப்படுகிற பிள்ளை எல்லாம் நோயாளி இல்லை. மாதக்கணக்கில் நீடித்து, படிப்பையும் வேலையையும் மறிக்கிற அளவுக்குப் போனால் வைத்தியம் வேண்டும்.

அந்த வைத்தியத்திலும் பயப்படுகிற இடத்துக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் சின்னப் படியாக, அவனே சம்மதித்து. முதலில் கடையில் பாணுக்கு விலை கேட்பது. பிறகு கொண்டக்டரிடம் நேரம் கேட்பது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன நடக்குமென்று பயப்படுகிறான், பின்னால் என்ன நடந்தது என்று கொப்பியில் எழுதவேண்டும். தேநீர்க் கடைக்குப் போன அன்று, 'எல்லாரும் என் கையைப் பார்ப்பார்கள்' என்று எழுதிவிட்டுப் போனான். நடுக்கத்தை மறைக்கக் கோப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்பது டொக்டரின் கட்டளை. வந்து எழுதினான்: 'மேசையில் கொஞ்சம் சிந்தியது. முதலாளி கிரிக்கெட் பார்த்துக்கொண்டு இருந்தார். ஒருவரும் திரும்பவில்லை.' அதை என்னிடம் காட்டி, "பெரியம்மா, வாசிச்சுப் பாருங்க" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிலருக்குச் செர்ட்ரலின் போன்ற மாத்திரையும் கொடுப்பார்கள். பலன் தெரியச் சில வாரம் எடுக்கும். சுகம் வந்துவிட்டதென்று நாமாக நிறுத்தக் கூடாது.

ஆசிரியர்மாரிடம் நான் கேட்பது இதுதான். அப்படியான பிள்ளை முதலில் ஒரு கூட்டாளிக்கு வாசித்துக் காட்டட்டும், பிறகு நாலைந்து பேருக்கு. மேடை கடைசியில் வரட்டும். நடுங்கினால் சிரிக்கிறவர்களை அந்த இடத்திலேயே அடக்குங்கள். பெற்றோரே, பைத்தியம் என்று பெயர் வந்துவிடுமோ என்று பயந்து ஒளிக்காதீர்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. முதலில் பேசிப் பார்க்க 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. பரீட்சைக் காலத்திலாவது அந்த இலக்கத்தை உங்கள் பத்திரிகையில் ஒரு மூலையில் தினமும் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

ஒரு தையற்காரி,
களுவாஞ்சிகுடி.