அடுத்த புதன்கிழமை வா!

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கல் கிருமிக்கான தடுப்பூசி பற்றி எழுதியவர், இலவசமாகக் கிடைத்தும் தாய்மார்களின் அலட்சியத்தால் கடைசித் தவணை தவறிப்போகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தார். அலட்சியமாம்!

என் மருமகள் பீடி சுற்றுகிறவள். பேத்திக்கு ஒன்றரை மாதத்திலும் மூன்றரை மாதத்திலும் நாள் தவறாமல் ஊசி போடவைத்தாள். ஒன்பதாம் மாதம் பேத்தியைத் தூக்கிக்கொண்டு போனால், அம்மை ஊசிக் குப்பியைத் திறந்தால் நான்கு மணி நேரத்தில் தீர்க்க வேண்டும், குழந்தைகள் சேரவில்லை, அடுத்த புதன்கிழமை வா என்றார்கள். நிமோனியா ஊசியும் அதோடுதானே, அதுவும் நின்றது. அடுத்த புதன் அரசு விடுமுறை. அதற்கடுத்த புதன் குழந்தைக்குக் காய்ச்சல். மூன்று நாள் கூலி போனது. பத்து மாதம் முடிந்துதான் ஊசி போட்டார்கள். நர்ஸம்மாவையும் குறை சொல்ல மாட்டேன். ஒருவர் எத்தனை ஊரைப் பார்ப்பார்? 2019இல் எங்கள் வேலூர் மாவட்டத்தை மூன்று மாவட்டமாக்கினார்கள். ஆட்சியர் மூவரானார், எங்களுக்கு இரண்டாவது செவிலியர் இன்னும் வரவில்லை.

மூத்த பேரன் பிறந்தது 2018இல். தமிழ்நாட்டில் இந்த ஊசி அரசுத் திட்டத்தில் சேர்ந்ததோ 2021இல். தனியாரிடம் ஒரு தவணைக்கு மூவாயிரத்துக்கு மேல் ஆனது. என் தோட்டை அடகு வைத்து இரண்டு தவணை போட்டோம்; மூன்றாவதற்கு மூக்குத்திதான் மிச்சம். இதையும் அலட்சியக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் கணவர் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருடம் உழைத்தவர், சர்க்கரை நோயாளி. நிமோனியாவில்தான் போனார். வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இந்தக் கிருமிக்கு ஊசி உண்டு, ஆனால் அது இலவசமில்லை என்று ஒரு டாக்டர் சொன்னது அவருடைய காரியம் முடிந்த பிறகு. அந்த வருடமெல்லாம் உங்கள் மருத்துவப் பக்கம் இஞ்சிக் கஷாயத்தின் பெருமையைப் பாடிக்கொண்டிருந்தது. அப்போது நான் எழுதிய கடிதத்தை இரண்டு வரியாகச் சுருக்கிப் போட்டீர்கள், தங்களுக்கு நினைவிருக்கும்.

கேட்பது பெரிதல்ல. மூன்று தவணை என்று எழுதியவர், எந்தெந்த மாதம் என்று எழுதவில்லை. இரண்டரை மாதத்திலும் ஊசிக்குப் போகிறோம், அன்று இது கிடையாது. அங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஒன்றரை, மூன்றரை, ஒன்பது மாதம். தவணை தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இவ்வளவையும் அடுத்த இதழில் கட்டம் கட்டிப் போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். வெட்டி மளிகைக்கடைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அலட்சியக்காரியின் மாமியார்,
குடியாத்தம்