செயலாளரின் ஆண்டறிக்கை: பிரிட்டிஷ் நகைச்சுவைப் படங்களில் இடம் பெற்றவர்களும் பெறாதவர்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நம் திரைப்படச் சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தபடி, 1940களின் இறுதி முதல் 1960களின் தொடக்கம் வரை வெளியான பிரிட்டிஷ் நகைச்சுவைப் படங்களை இவ்வாண்டு திரையிட்டோம். அப்படங்கள் யாரைக் காட்டின, யாரை விட்டுவிட்டன என்பதே கலந்துரையாடல்களின் பொருளாக இருந்தது.

லண்டனின் படத்தயாரிப்பு நிறுவனமான ஈலிங் ஸ்டுடியோவின் ‘பாஸ்போர்ட் டு பிம்லிகோ’ (1949) படத்தில் கடைக்காரர், வங்கி மேலாளர், காவலர் என ஒரு லண்டன் தெருவே திரண்டு நிற்கிறது. இதன் படப்பிடிப்பு 1948ஆம் ஆண்டு கோடையில், லாம்பெத் பகுதியில் குண்டுவீச்சால் பாழான மனையொன்றில் நடந்தது. அதே கோடையில்தான் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பலில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர்களில் பலர், அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத கிளாப்பம் சவுத் சுரங்கக் காப்பிடத்தில் தங்க வைக்கப்பட்டார்கள். படத்தின் தெருவில் அவர்கள் எவரும் இல்லை. பெர்முடாவைச் சேர்ந்த ஏர்ல் கேமரனுக்கு இதே ஸ்டுடியோ ‘பூல் ஆஃப் லண்டன்’ (1951) படத்தில் முக்கியப் பாத்திரம் அளித்தது உண்மைதான். ஆனால் அது குற்றக்கதை. ஈலிங்கின் நகைச்சுவைப் படங்களில் அத்தகைய இடம் எந்தக் கறுப்பின நடிகருக்கும் வாய்க்கவில்லை.

மிக நீண்ட விவாதம் ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரோனெட்ஸ்’ (1949) குறித்து நடந்தது. மூலமான 1907ஆம் ஆண்டு நாவலில் கொலைகார நாயகனின் தந்தை யூதர், படத்திலோ இத்தாலியர். முந்தைய ஆண்டு வெளியான ‘ஆலிவர் ட்விஸ்ட்’டில் நடிகர் அலெக் கின்னஸ் ஏற்ற, திருட்டுக் கும்பலை நடத்தும் யூதரான ஃபேகின் வேடம் யூதர்களின் கடும் எதிர்ப்புக்கு உள்ளாகி, அப்படம் அமெரிக்காவில் 1951 வரை வெளிவராமல் இருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், எதிர்த்துக் குரல் கொடுக்க ஆளிருந்த இடத்தில் திரையுலகம் எச்சரிக்கையாக நடந்துகொண்டது என்பதே என் கருத்து. (அதே கின்னஸ் ‘கைண்ட் ஹார்ட்ஸ்’ படத்தில் ஒரு பெண் உட்பட எட்டு வேடங்களில் வருவது வேறு விஷயம், அதற்கு அரங்கில் எழுந்த சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது.)

‘தி மில்லியனரஸ்’ (1960) படத்துக்கு அந்த எச்சரிக்கை தேவைப்படவில்லை. பெர்னார்ட் ஷாவின் நாடகத்தில் எகிப்தியராக இருந்த மருத்துவரை இந்தியராக்கி, பீட்டர் செல்லர்ஸ் முகத்தில் பழுப்பு நிறம் பூசி நடித்தார். படத்தை ஒட்டி அவரும் படத்தின் நாயகி சோபியா லோரனும் பாடிய ‘குட்னஸ் கிரேஷஸ் மீ’ இசைத்தட்டு பெரும் வெற்றி பெற்றது. 1990களில் பிரிட்டிஷ் ஆசியக் கலைஞர்கள் பிபிசியில் நடத்திய நகைச்சுவை நிகழ்ச்சிக்கு அதே பெயரைச் சூட்டிப் பழைய கேலியை அனுப்பியவர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். ‘ஹெவன்ஸ் அபவ்’ (1963) படத்தில் குப்பை அள்ளும் கறுப்பினத் தொழிலாளி ஒருவரைப் பாதிரியார் தேவாலய நிர்வாகியாக்குகிறார். பிராக் பீட்டர்ஸ் ஏற்ற அப்பாத்திரத்துக்குக் கண்ணியம் கிடைத்ததே தவிர, சிரிக்கவைக்கும் வாய்ப்பு மற்றவர்களுக்கே போயிற்று என்று உறுப்பினர் ஒருவர் கூறியது எனக்கும் சரியென்றே படுகிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பெண் இயக்குநர்கள் குறித்து இவ்வாண்டு போதுமான அளவு பேசவில்லை என்பதால், வரும் ஆண்டின் திரையிடல்களை மியூரியல் பாக்ஸின் ‘சைமன் அண்ட் லாரா’ (1955), வெண்டி டாயின் ‘ரெய்சிங் எ ரயட்’ (1955) ஆகிய படங்களுடன் தொடங்கலாம் என்ற செயற்குழுவின் பரிந்துரையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்